அகாடமியா, ஆர்.ஓ.டி.சி.யா? பதினோராம் வகுப்பிலேயே தொடங்கும் கணக்கு

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. வடக்கு வர்ஜீனியாவில் ஒரு நூலகத்தின் கூட்ட அறைக்கு வெளியே, ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் இருவர், பள்ளி முதல்வராக இருந்த ஓர் அம்மையார். எங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் (நம் ஊர் எம்.பி. மாதிரி) சார்பில், ராணுவ அகாடமிகளுக்கு, அதாவது அதிகாரிகளை உருவாக்கும் அரசின் நாலு வருஷக் கல்லூரிகளுக்கு, யாரை நாமினேட் செய்யலாம் என்று பார்ப்பவர்கள். உறுப்பினர் அங்கே இல்லை. இருபது நிமிஷத்தில் வெளியே வந்தவள் காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, ஒரே கேள்வியத்தான் மூணு பேரும் மூணு விதமா கேட்டாங்க. அகாடமி கிடைக்கலன்னா என்ன செய்வ?"

"நீ என்ன சொன்ன?"

"ஆர்.ஓ.டி.சி.ன்னேன். மூணு பேரும் குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க."

ஆர்.ஓ.டி.சி. என்பது சாதாரணப் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே படை அதிகாரி ஆகும் வழி. அகாடமி கிடைக்காவிட்டால் என்ன என்ற அந்தக் கேள்வியைப் பெற்றோர் ஒன்றரை வருஷம் முன்னாலேயே தங்களைக் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஓரங்கட்டிவிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர் எம்.பி.யை உனக்குத் தெரியுமாடா?" இங்கே இருக்கும் நண்பர்களும் அதையேதான் வேறு வார்த்தையில் கேட்டார்கள்: யாரைப் பிடிக்கணும், கட்சிக்கு நன்கொடை ஏதாவது? நாமினேஷன் என்றதும் நமக்குச் சிபாரிசுக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது. நடப்பது அதற்கு நேர்மாறு. ஆளைத் தெரிந்திருப்பதால் எதுவும் நகராது. ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகமும் ஒரு குட்டித் தேர்வு வாரியம்போல நடக்கிறது: விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், எஸ்.ஏ.டி. என்ற கல்லூரித் தகுதித் தேர்வு, கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரை, கடைசியில் நேர்காணல். தரைப்படை அகாடமியான வெஸ்ட் பாயிண்டில் ஒரே ஊர்ப் பிள்ளைகளாக நிரம்பிவிடக் கூடாது என்று 1843இல் தொகுதிவாரியாக இடம் பிரித்தார்கள். இன்றுள்ள ஏற்பாட்டுக்கு அதுதான் வேர்.

அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. சேரும் நாளில் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது, எச்-4 (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) பற்றிப் பேச்சே இல்லை. இங்கே பிறந்த பிள்ளைக்குச் சிக்கல் கிடையாது. ஊரில் பிறந்து கைக்குழந்தையாக வந்த பிள்ளைகளுக்குத்தான் சிக்கல். பிள்ளை கிரீன் கார்டோடு நம்முடன் இருந்து, அதற்குப் பதினெட்டு முடிவதற்குள் அப்பாவோ அம்மாவோ குடியுரிமை வாங்கிவிட்டால் பிள்ளைக்கும் அது தானாகவே வந்துவிடும். கிரீன் கார்டு வரிசையிலேயே பத்துப் பதினைந்து வருஷம் நிற்கும் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அது நேரத்துக்கு வாய்க்கும் என்பது வேறு கதை. பெரும்பாலான அகாடமிகளுக்கு வயது ஜூலை 1 அன்று 17 முடிந்து 23 ஆகாமல் இருக்க வேண்டும். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

ஐந்து அகாடமிகள், ஒரே மாதிரி இல்லை

எல்லாவற்றையும் "மிலிட்டரி காலேஜ்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். மகளும் முதலில் அப்படித்தான் ஐந்துக்கும் விண்ணப்பிக்கிறேன் என்றாள்.

வெஸ்ட் பாயிண்ட் தரைப்படை, 1802இல் தொடங்கியது. அன்னாபொலிஸ் கடற்படை, 1845. அங்கே முடிப்பவர்களில் ஒரு பகுதியினர் மரீன் படைக்குப் போகிறார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் விமானப்படை, 1954. இப்போது விண்வெளிப் படைக்கும் அங்கிருந்து ஆள் எடுக்கிறார்கள். இந்த மூன்றும் பெரியவை. ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு பேர் உள்ளே போகிறார்கள். கட்டணம் இல்லை, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், புதிதாகச் சேரும் அதிகாரியின் அடிப்படைச் சம்பளத்தில் 35 சதவீதம் கையில் வரும். "கையில்" என்பது சும்மா பேச்சுக்கு. முதல் வருஷம் சீருடை, லேப்டாப், சலவை, முடிவெட்டு என்று பிடித்தம் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இலவசம் என்ற சொல்லும் ஒரு கண்ணி. படித்து முடித்ததும் குறைந்தது ஐந்து வருஷம் முழுநேரச் சேவை, அதோடு ரிசர்வ் (தேவைப்பட்டால் கூப்பிடும் துணைப்படை) சேர்த்து மொத்தம் எட்டு. விமானி ஆக ஆசைப்பட்டால், விமானப்படையில் பறக்கும் பயிற்சி முடிந்த பிறகு பத்து வருஷம். பதினெட்டில் உள்ளே போகும் பிள்ளை முப்பதைத் தாண்டித்தான் வெளியே வரும். முதல் இரண்டு வருஷத்துக்குள் விலகினால் ஒரு காசு கட்ட வேண்டாம். மூன்றாம் வருஷ வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் கணக்கு ஆரம்பம். பிறகு விலகினால் சேவையாகவோ பணமாகவோ ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

நான்காவது கிங்ஸ் பாயிண்ட், வணிகக் கப்பல் அகாடமி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், மெர்ச்சன்ட் நேவிதான். படிப்பின் நடுவே ஏறத்தாழ ஒரு வருஷம் சரக்குக் கப்பல்களில் வேலை. முடிக்கும்போது பட்டத்தோடு கப்பல் அதிகாரிக்கான உரிமமும் வந்துவிடும். கடலில் நல்ல சம்பளத்தோடு வணிகக் கப்பலில் போய்க்கொண்டே ரிசர்வ் அதிகாரியாகவும் இருக்கலாம், வேண்டுமானால் முழுநேரப் படைக்கும் போகலாம். நம் ஆட்கள் யாரும் இதைப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், சீருடை ஆசை பாதியும் வேலை ஆசை பாதியுமாக இருக்கும் பிள்ளைக்கு ஐந்தில் இதுதான் பொருத்தம்.

ஐந்தாவது கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டனில் உள்ள கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல் படை) அகாடமி. இதற்கு நாமினேஷனே தேவையில்லை. மற்ற கல்லூரிகளைப் போலத் தகுதி பார்த்து எடுக்கிறார்கள். சின்னது, வருஷத்துக்குச் சில நூறு பேர்தான். புயலில் ஆள் மீட்பது, கடத்தல் தடுப்பது, எண்ணெய்க் கசிவு பார்ப்பது என்று வேலை அன்றாடமும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. நாமினேஷன் வேண்டாம் என்பதாலேயே இதைச் சுலபமான பின்வாசல் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

நம் வீடுகளில் இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: அங்கே போய் டாக்டர் ஆகலாமா? ஆகலாம், ஆனால் மிகச் சிலருக்குத்தான் நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போக அனுமதி கிடைக்கிறது. டாக்டர் கனவுதான் முதலாவது என்றால் இந்த வழி வேண்டாம். பொறியியல் ஆசைக்கு இந்தக் கவலை இல்லை. இலக்கியம் படித்தாலும் கையில் தருவது பி.எஸ். பட்டம்தான், அத்தனை கணிதமும் இயற்பியலும் எல்லாருக்கும் பொது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1999இல் முடித்த ராஜா சாரி விண்வெளிக்குப் போனார். அன்னாபொலிஸில் 1987இல் முடித்த சுனிதா வில்லியம்ஸ் எவ்வளவு நாள் மேலே இருந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த இரண்டு பெயரைச் சொன்ன பிறகுதான் அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

யாரிடம் நாமினேஷன் கேட்பது

பதில் சுருக்கம்: தகுதி இருக்கும் எல்லாரிடமும். ஆனால் எல்லாரும் சமமில்லை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று கதவுகள் இயல்பாகவே திறந்திருக்கின்றன: மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர். நான்காவது, துணை ஜனாதிபதி. நாட்டில் யார் வேண்டுமானாலும் அவரிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெஸ்ட் பாயிண்ட், அன்னாபொலிஸ், விமானப்படை அகாடமி மூன்றுக்கு மட்டும். நாட்டுக்கே ஒருவர் என்பதால் அதை லாட்டரிச் சீட்டுபோல வைத்துக்கொள்ளுங்கள், வாங்கிப் போடுங்கள், நம்பி உட்காராதீர்கள். ஜனாதிபதி நாமினேஷன் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நீண்டகாலம் படையில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு. ஐ.டி. வேலைக்கு வந்த நமக்கு அது இல்லை. பள்ளியில் ஜூனியர் ஆர்.ஓ.டி.சி. இருந்து, அது சிறப்புத் தகுதி பெற்ற பிரிவாகவும் இருந்தால் அந்த வழியிலும் ஒரு நாமினேஷன் கிடைக்க வாய்ப்புண்டு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மூன்று பெரிய அகாடமிகளில் ஒவ்வொன்றிலும், ஓர் உறுப்பினரின் பெயரில் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் படிக்கலாம். நாலு வருஷப் படிப்புக்கு ஐந்து இடம் என்றால் வருஷத்துக்கு ஒன்று, எப்போதாவது இரண்டு. அந்த ஓர் இடத்துக்கு அவர் பத்துப் பதினைந்து பெயர்களை அனுப்பலாம். ஆக, நாமினேஷன் கிடைத்தது என்று இனிப்பு வாங்கிவிடக் கூடாது. அது விளையாட்டுத் திடலுக்குள் நுழையும் சீட்டு மட்டும்.

பட்டியலை மூன்று விதமாக அனுப்புகிறார்கள். ஒருவரை முதன்மை என்று குறித்து, அவருக்குப் பின் யார் யார் என்று வரிசையும் போட்டு அனுப்புவது ஒன்று. முதன்மையை மட்டும் குறித்து, மற்றவர்களைப் போட்டியிடவிடுவது இரண்டு. எந்த வரிசையும் போடாமல் அகாடமியே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுவது மூன்று. முதன்மை என்று பெயர் குறித்த பிள்ளை மற்ற தகுதிகளிலும் தேறிவிட்டால் இடம் அதற்குத்தான், பட்டியலில் அதைவிடப் பெரிய மதிப்பெண்காரர் இருந்தாலும் சரி. உங்கள் உறுப்பினர் எந்த முறையைப் பின்பற்றுகிறார் என்று அலுவலகத்துக்குப் போன் போட்டே கேட்கலாம். நான் கேட்டேன், ஒரு நிமிஷத்தில் சொன்னார்கள். பட்டியலில் முதலிடம் கிடைக்காதவர்களும் கதை முடிந்து வெளியேறுவதில்லை. நாமினேஷன் இருந்தால் தேசிய அளவிலான காத்திருப்புப் பட்டியலில் பெயர் நிற்கும். மீதி இடங்களை அதிலிருந்து தகுதி வரிசைப்படி நிரப்புகிறார்கள்.

எது கைகொடுக்கும் என்பது நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. எங்கள் வடக்கு வர்ஜீனியாவில் தடுக்கி விழுந்தால் ஒரு கர்னல் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும். அவர்கள் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலிருந்தே இதற்குத் தயாராகிறார்கள். தொகுதி அளவில் போட்டி மூச்சு முட்டும். ஆனால் படைத்தளமே இல்லாத தொகுதிகளும் நாட்டில் உண்டு. அங்கே விண்ணப்பங்கள் குறைவு. செனட்டருக்கு மாநிலம் முழுவதும் போட்டி என்றாலும், நெரிசலான தொகுதியில் இருப்பவர்களுக்கு அதுவும் ஒரு தனி வாய்ப்பு. சில மாநிலங்களில் செனட்டர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் கலந்து பேசி, ஒரே பிள்ளைக்கு இரண்டு பேர் கொடுக்காமல் பங்கிட்டுக்கொள்வார்கள். அதனால் ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிடுவது முட்டாள்தனம்.

தேதிகள்தான் பலரைக் கவிழ்க்கின்றன. அலுவலகத்துக்கு அலுவலகம் கடைசித் தேதி மாறும். பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் விழும். பெயர்கள் அகாடமிக்குப் போய்ச் சேர ஜனவரி 31 கடைசி. அகாடமிக்கான விண்ணப்பம் இதிலிருந்து தனி, பதினோராம் வகுப்பின் இரண்டாம் பாதியிலேயே அதைத் தொடங்கிவிடலாம். இரண்டும் இணையாக ஓடும் தண்டவாளம்; ஒன்றில் வண்டியை விட்டுவிட்டு மற்றதில் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கோடையில் அகாடமிகள் நடத்தும் ஒரு வார முகாம்களுக்கு அந்த ஜனவரி, பிப்ரவரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். போய் வந்தால் இடம் உறுதி என்றில்லை. ஆனால் பிள்ளைக்கு இது தன் இடம்தானா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மகளோடு போன பெண்களில் ஒருத்தி மூன்றாம் நாளே, "எனக்கு இது வேண்டாம்" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினாளாம். அவளுக்கு அந்த முகாம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது பெரிசு.

உடம்பு என்ற தேர்வு

இதை எந்தப் பெற்றோரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாதுகாப்புத் துறைக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை வாரியம் இருக்கிறது, டாட்மெர்ப் என்பார்கள். அகாடமிக்கும் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகைக்கும் அதே வாரியம்தான். பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஆஸ்துமா, கவனக் குறைபாட்டுக்கான மாத்திரை, கடுமையான உணவு ஒவ்வாமை, கண் அறுவை என்று எல்லாவற்றையும் தோண்டுவார்கள்.

மகளுக்குப் பதினாலு வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க இருமல். ஒரு கிளினிக்கில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் இழுத்தாள், இருமல் போனது, நாங்களும் மறந்துபோனோம். கோப்பில் மட்டும் "ஆஸ்துமா" என்ற சொல் உட்கார்ந்துகொண்டது. சந்தேகம் என்றுகூடப் போடவில்லை. மூன்று வருஷம் கழித்து தகுதியின்மைக் கடிதமாக அது திரும்பி வந்தது. விலக்கு கேட்கும் உரிமை நமக்கில்லை, பிள்ளை வேண்டும் என்று அகாடமி நினைத்தால் அதுதான் கேட்கும். நுரையீரல் நிபுணரிடம் போய், குழாயில் ஊதிக் காட்டி, பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடி எடுத்து அனுப்பி முடிக்க இரண்டரை மாதம். பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பிள்ளையின் மருத்துவக் கோப்பை வாங்கி ஒரு தடவை வாசித்துவிடுங்கள். மறைக்கச் சொல்லவில்லை, மறைத்தால் பிறகு அதுவே பெரிய குற்றம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

உடற்திறன் தேர்வு வேறு. ஓட்டம், புல்-அப், தண்டால் எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, மண்டியிட்டபடி ஒற்றைக் கையால் கூடைப்பந்தை எறிவது. கால் உதவாது, இடுப்பும் தோளும்தான். செப்டம்பர் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் பழைய யோகா விரிப்பை மடித்துப் போட்டு அவள் முட்டி போட, நான் தெருவில் சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டு பந்து பொறுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாராம்.

ஆர்.ஓ.டி.சி.யை இரண்டாந்தரமாகப் பார்க்காதீர்கள்

நான் அப்படித்தான் பார்த்தேன், அதனால் உறைக்கிற மாதிரி எழுதுகிறேன்.

சாதாரணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ராணுவப் பயிற்சி எடுப்பது இது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் நாலு வருஷ உதவித்தொகை தனித்தனியாக உண்டு. நாமினேஷன் கிடையாது. பொதுவாகக் கல்விக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள், புத்தகச் செலவும் மாதம் சில நூறு டாலர் படியும் வரும். விடுதியும் சாப்பாடும் பெரும்பாலும் நம் தலையில். ஆனால் ஆள் பிடிக்க ஆசைப்படும் பல கல்லூரிகள் அதையும் தாங்களே ஏற்கின்றன. கேட்டுப் பார்க்க வேண்டும். முடித்ததும் கடமை, தரைப்படையிலும் விமானப்படையிலும் நாலு வருஷம், கடற்படையில் ஐந்து. முதல் வருஷம் முடிவதற்குள் விலகினால் எதுவும் திருப்பித் தர வேண்டாம்.

அகாடமியோடு வைத்துப் பார்த்தால், முக்கியமான ஒன்றில் வித்தியாசமே இல்லை: இரண்டு வழியிலும் வெளியே வருவது அதே பதவியில்தான். வெஸ்ட் பாயிண்ட் மோதிரம் போட்ட இரண்டாம் லெஃப்டினன்டும், மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இரண்டாம் லெஃப்டினன்டும் ஒரே சம்பளத்தில் ஒரே கூடாரத்தில் படுப்பார்கள். வித்தியாசம் அந்த நாலு வருஷத்தில். அகாடமியில் காலை எழுவதிலிருந்து விளக்கணைப்பது வரை வாழ்க்கை சீருடைக்குள் இருக்கும். அந்த வார்ப்பும் அங்கே கிடைக்கிற நட்பும் வேறு எங்கும் கிடைக்காது. ஆர்.ஓ.டி.சி.யில் வாரத்தில் சில காலைகள்தான் அப்படி. மீதி நேரம் பிள்ளை பிள்ளையாக இருக்கலாம், தமிழ்ச் சங்கப் பொங்கலுக்கும் வரலாம். தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு அது போதும். யாராவது எழுப்பிவிட வேண்டிய பிள்ளையென்றால் அகாடமி மேல்.

நடுவழியும் உண்டு. சிட்டடல், வி.எம்.ஐ., நார்விச், டெக்சாஸ் ஏ அண்ட் எம், வர்ஜீனியா டெக், நார்த் ஜார்ஜியா என்று ஆறு மூத்த ராணுவக் கல்லூரிகள். அங்கே கேடட் வாழ்க்கையும் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகையும் சேர்ந்து வரும். அதோடு, கல்லூரி முதல் வருஷத்தில் இருந்துகொண்டே அகாடமிக்கு மறுபடி விண்ணப்பிப்பதும் வழக்கமான ஒன்றுதான். முதல் தடவை கிடைக்காதவர்களில் சிலர் அப்படித்தான் உள்ளே போகிறார்கள்.

இன்னொன்று, அகாடமிகளின் சொந்த ஆயத்தப் பள்ளிகள். கடற்படைக்கு நியூபோர்ட்டில், தரைப்படை, விமானப்படை இரண்டுக்கும் அந்தந்த வளாகத்திலேயே. நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. "இந்தப் பிள்ளை இன்னும் ஒரு வருஷத்தில் பதம் வரும்" என்று அகாடமி நினைத்தால் அதுவே கூப்பிடும். ஒரு வருஷம் கூடுதல், செலவில்லை.

ஏப்ரலில் எங்கள் வீட்டு மேசையில் கடைசியாக இருந்தவை இரண்டு. செனட்டர் ஒருவரின் நாமினேஷன் கிடைத்திருந்தது, ஆனால் பட்டியலில் அவளுக்கு முதலிடம் இல்லை. காத்திருப்புப் பட்டியலும் அவள் வரை வரவில்லை. அன்னாபொலிஸ் நியூபோர்ட் ஆயத்தப் பள்ளிக்குக் கூப்பிட்டது. இன்னொரு பக்கம் கடற்படை ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை, பொறியியல் படிக்க. நான் நியூபோர்ட் என்றேன். அவள் அம்மா எதுவும் சொல்லாமல் இட்லி எடுத்து வைத்தாள். மகள் ஒரு காகிதத்தில் கோடு போட்டாள்: ஒரு பக்கம் ஐந்து வருஷம், ஒரு பக்கம் நாலு.

"அப்பா, ரெண்டு பக்கமும் கடைசில ஏறப்போறது கப்பல்லதான். ஒரு வருஷம் சீக்கிரமா ஏறிடறேனே."

அடுத்த வாரம் கும்பகோணத்துக்குப் போன் போட்டோம். அம்மாவுக்கு ஆர்.ஓ.டி.சி. என்பதை விளக்க முடியவில்லை. "காலேஜுக்குப் போறா, லீவுக்கு வருவாளா?" என்று கேட்டார்கள். வருவாள் என்றதும் அவ்வளவில் விட்டுவிட்டார்கள். முகாமுக்குக் கொண்டுபோய் விட்டபோது அன்னாபொலிஸ் என்று பொறித்த நீலச் சட்டை ஒன்றை அவளுக்காக வாங்கி வைத்திருந்தேன், ஒரு அளவு பெரிதாக. இப்போது காலை நடைக்கு நான்தான் அதைப் போட்டுக்கொண்டு போகிறேன்.